முகம் தெரியாதவர்களுக்கு வைத்த காதுகுத்துப் பத்திரிகை

மகளே என்றுதான் எழுத வருகிறது. ரேஷன் கார்டில் நீ எனக்குத் தங்கை. ஆனால் உன் ஒரு வயதிலிருந்து உன்னைத் தூக்கி, ஊட்டி, குளிப்பாட்டி, ஏழு வயதுவரை கொண்டுவந்து, போன மாதம் மதுரையில் காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவள் நான்தான். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ இதைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது என்னைவிடப் பெரியவளாகக்கூட இருக்கலாம். அதனால் வளர்ந்த பெண்ணிடம் பேசுவதுபோலவே எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று மறைக்காமல்தான் எழுதுகிறேன். முகம் தெரியாத பலர் ஒரு காலத்தில் உனக்காகக் காசு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும். அவர்களுக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா காய்ச்சலில் போனபோது நான் எட்டாம் வகுப்பு. அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறவர். காட்டில் மூட்டம் வெந்துகொண்டிருக்கும்போது அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டேன். வகுப்பு டீச்சர் இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்லக்கூட எனக்குச் சத்தம் வராது. பக்கத்துப் பிள்ளை எனக்காகச் சொல்லும். அப்படிப்பட்டவள் கையில் நீ வளர்ந்தாய். அப்பாவும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். சத்தமில்லாத வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பது? உனக்கு இரண்டு வயது தாண்டிய பிறகு, பால்வாடி அக்கா உன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டை நழுவவிட்டபோதுதான் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. நீ மட்டும் உப்புமாவில் கடுகு பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் நிறையப் பேசுகிறவளாக இருந்திருந்தால் ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும். நான் செய்த முதல் தவறு இதுதான். அது தவறு என்றே எனக்கு அப்போது தெரியாது.

அரசாங்கச் செலவில் உனக்கு ஆபரேஷன் நடந்தது. தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் மாட்டும் மிஷினும், காந்தம்போல முடிக்கு மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டமும் கொடுத்தார்கள். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. நரிக்குடி பஸ் பிடித்து, அருப்புக்கோட்டையில் மாறி, மதுரை போய்வர ஒரு நாள் ஆகிவிடும். அங்கிருந்த பயிற்சி டீச்சர் உன்னைவிட என்னைத்தான் அதிகம் திட்டினார்கள். “நீ வாயத் தெறந்தாத்தானம்மா அவ தெறப்பா? பஸ்ஸுல சும்மா வாரியாக்கும்? ஆடு தெரிஞ்சா ஆடுன்னு சொல்லு. மாடு தெரிஞ்சா மாடுன்னு சொல்லு. ஒன் கூச்சத்தைத் தூக்கி அந்த ஜன்னல் வழியாப் போடு.” நானும் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, பனை, கண்மாய், டிராக்டர், மயில் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் அதிகம் பேசியது அந்த இரண்டு வருடம்தான். நீ முதலில் சொன்ன சொல் ‘மயி’. மயிலுக்கு ‘ல்’ வரவில்லை. அப்பா காட்டிலிருந்து வந்து, கை கழுவாமல், கரிப்பிடித்த முகத்தோடு உன் முன்னால் உட்கார்ந்து, “இன்னொருக்கச் சொல்லு ஆத்தா, இன்னொருக்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது வார்த்தைகள் வரை வந்துவிட்டாய்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. உனக்கு ஐந்து வயது. ஒருநாள் உன்னைக் குளிப்பாட்டுவதற்காக மிஷினைக் கழற்றி, என் துண்டில் சுருட்டித் துவைக்கிற கல்மேல் வைத்தேன். உன் தலையைத் துவட்டிவிட்டு, மற்ற துணிகளோடு அந்தத் துண்டையும் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்துவிட்டேன். கசக்கும்போதுதான் கையில் கட்டியாகத் தட்டுப்பட்டது. அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தேன். நான்காம் நாள் மாட்டிவிட்டு ஆடு, மாடு என்று சொன்னேன். நீ என் வாயைப் பார்த்தாய். திரும்பவில்லை. மதுரையில் மிஷினைத் திறந்து பார்த்தவர், “தண்ணி போயிருக்கே, மழையில நனைஞ்சதாம்மா?” என்று அவரே கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். வாயால்கூடச் சொல்லவில்லை. ஆனால் அது அங்கிருந்து அப்பாவிடமும் டீச்சரிடமும் போய், பிறகு எல்லாத் தாள்களிலும் ஏறிவிட்டது. நம் ஊரில் மழை பெய்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

அரசாங்கம் ஆபரேஷனுக்குக் கொடுத்தது, முதல் மிஷினுக்கும் கொடுத்தது. அது கெட்டுப்போனால் அடுத்தது நம் கையிலிருந்து என்றார்கள். விலையைக் கேட்ட அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். பயிற்சி டீச்சர்தான் போனில் உதவி கேட்கும் ஒரு வழியைச் சொன்னார்கள். ஒரு கம்பெனி உன் பெயரில் நெட்டில் ஒரு பக்கம் போடும். உலகத்தில் எங்கே இருப்பவரும் அதைப் பார்த்துக் காசு போடலாம். நான் முதலில் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ எத்தனை பேர் கேட்கிறார்கள். வெள்ளத்தில் வீடு போனவர், நாயின் காலுக்கு வைத்தியம் செய்ய நினைப்பவர், படம் எடுக்க ஆசைப்படுகிறவர், படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியவர். எல்லோரும் சிரித்த முகமாகவோ அழுத முகமாகவோ ஒரு போட்டோவில் நின்றார்கள். கேட்பவரின் பெயர்கூட என் வாயில் நுழையாது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் நம் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததுபோல இருக்கும். உலகம் முழுக்க இப்படி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

கம்பெனியிலிருந்து பேசிய பையன் நல்லவன். என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டான். “சிஸ்டர், பாப்பா அழற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. சிரிக்கிறது வேணாம். சிரிச்சா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க” என்றான். உன்னுடைய அழுகிற போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. அன்று உன் கையில் ஒரு பன் இருந்தது. அதைப் பிடுங்கினேன். நீ என்னை நம்பாமல் பார்த்தாய். பிறகு உதடு பிதுங்கி, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாய். எடுத்தேன். மூன்று தடவை எடுத்தேன். பன்னைத் திருப்பிக் கொடுத்தபோது நீ வாங்கவில்லை. அந்தப் போட்டோவுக்குத்தான் காசு வந்தது. ‘மழையில் நனைந்து கருவி பழுதானது’ என்று அதன் கீழே எழுதியிருந்தது.

வந்தது, நான் நினைக்காத அளவுக்கு. பெயர் சொல்லாதவர்கள் பலர். சென்னை, கோயமுத்தூர், துபாய், அமெரிக்கா என்று ஊரோடு பெயர் போட்டவர்கள் சிலர். வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ் அக்கா இரண்டு தடவை போட்டார்கள். ‘தங்கச்சி, பாப்பா சாப்பிட்டாளா? நானும் ஒரு பிள்ளை வச்சிருக்கேன்’ என்று எழுதுவார்கள். நான் ‘சாப்பிட்டாள் அக்கா’ என்று எழுதுவேன். கூச்சப்படாமல் ஒரு புது ஆளிடம் நான் பேசிய பேச்சு அதுதான். மூன்று மாதத்தில் வேண்டியதில் பாதியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நகரவில்லை.

அப்போதுதான் அருப்புக்கோட்டை மில்லில் வேலைபார்க்கும் நம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அம்மா போனதாலும் ஆபரேஷனாலும் உனக்குக் காது குத்தாமலே தள்ளிப்போயிருந்தது. “மச்சான், இருவது வருசமா ஊருக்கெல்லாம் மொய் செஞ்சிருக்கீக. திருப்பி வாங்க ஒரு விசேசம் வச்சீகளா? பாப்பாவுக்குக் காதைக் குத்துவோம். கிடா என்னோடது. வர்ற மொய்ய அப்பிடியே மிஷினுக்குப் போட்டுருவோம்” என்றார்.

அப்பா தயங்கினார். “காது கேக்காத பிள்ளைக்குக் காதுகுத்துன்னு சிரிக்க மாட்டாகளாய்யா?”

“சிரிக்கிறவன் சிரிச்சுட்டு மொய்ய எழுதிட்டுப் போகட்டும். சும்மா சிரிக்க விட்டாத்தான் நட்டம்.”

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சத்தம்போட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. போனில் கேட்பது உலகத்தின் வழக்கம், விசேஷம் வைத்துக் கேட்பது நம் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் உனக்கு மிஷின் வந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணினேன்.

பத்திரிகை அடித்து வந்தது. மஞ்சள் தடவி ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பத்து ரூபாய் மொய் செய்தவரைக்கூடக் கூப்பிடாமல் விசேஷம் வைத்தால் நம் பக்கத்தில் அது அவமரியாதை. அப்படியிருக்க, உனக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று போட்டவர்களைச் சொல்லாமல் விடலாமா? அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கூப்பிட வேண்டும். இன்னொன்றும் இருந்தது. அவர்கள் எல்லோரும் உன்னைப் பன் பறிகொடுத்த முகத்தோடு மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அத்தையிடம் இரவல் வாங்கிய சங்கிலியும் பட்டுப்பாவாடையும் கட்டி, தலைநிறையப் பூ வைத்து உன்னை ஒரு போட்டோ எடுத்தேன். பத்திரிகையையும் போட்டோவையும் அந்தப் பக்கத்தில் போட்டு, ‘எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும்’ என்று எழுதினேன். அவ்வளவு நிறைவாக நான் எதையும் எழுதியதில்லை.

மறுநாள் காலையில் கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். ‘காது மெஷினுக்குக் காசு கேட்டுவிட்டுக் கிடா விருந்தா?’ ‘கழுத்தில் எத்தனை பவுன்?’ ‘எங்க காசுல மட்டன்.’ ஆங்கிலத்தில் எழுதியவை புரியவில்லை. புரியாததும் நல்லதற்குத்தான். பிறகு அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் எழுதினார்: ‘நானும் அந்தப் பக்கம்தான். இவங்க சொல்ற மாசத்துல அங்க மழையே பெய்யலையே?’  மற்றதெல்லாம் தெரியாமல் சொன்னவை. இது மட்டும் உண்மை. அதற்கும் கீழே அந்த வெளிநாட்டு அக்கா எழுதியிருந்தார்கள். ‘தங்கச்சி, நான் நம்புறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.’

கம்பெனிப் பையன் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும் அப்பா எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“பணம் குடுத்தவுகளுக்குப் பத்திரிக்கை வைக்காம எப்பிடி சார் விசேசம் வைக்கிறது? அது தப்பா?”

“ஐயா, விசேஷத்தை நான் சொல்லிப் புரிய வச்சுடுவேன். நகை இரவல்னும் சொல்லிடலாம். அந்த மழை விஷயம்தான் எல்லாரும் கேக்கறாங்க. சிஸ்டர் ஒரு நிமிஷம் வீடியோல வந்து என்ன நடந்ததுன்னு சொல்லிட்டா போதும். போனை அவங்ககிட்ட குடுங்க.”

அப்பா போனை நீட்டினார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். “அது பேசாதுங்க சார்” என்றார் அப்பா. “சின்னதுலருந்தே அதுக்குக் கூச்சம்.”

அப்பா இன்றுவரை அதைக் கூச்சம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கூச்சம் இல்லை மகளே. வாயைத் திறந்தால் துண்டும் சோப்புத்தண்ணீரும் வந்துவிடும் என்ற பயம். துணியோடு ஊறப்போட்டுவிட்டேன், கவனக்குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த இரண்டு வருடமாக யோசிக்கிறேன். பாதிப்பேர் மன்னித்திருப்பார்கள். அந்த அக்கா நிச்சயம் மன்னித்திருப்பார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியாததா? கையில் பத்து வேலையோடு பிள்ளை வளர்க்கிறவளிடம் ஒரு பொருள் கெட்டுப்போவது உலகத்தில் நடக்காததா? ஆனால் எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று மட்டும்தான் தோன்றியது. உன் காதைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. 

நான் பதில் சொல்லக் கம்பெனி கொடுத்த கெடு முடிந்ததும் பக்கத்தை மூடி, வந்த பணத்தை அவரவருக்கே திருப்பிவிட்டார்கள். நம் காதுகுத்து நடந்தது. மாமா மடியில் உட்கார்ந்து நீ ஆசாரியின் கையைக் கடித்தாய். மழை வரும்போல இருந்தும் வரவில்லை. ஊரில் எல்லோரும் நிறைவாகச் செய்தார்கள். பந்தல், பாத்திரம், அரிசி என்று போக மிஞ்சியது மிஷின் விலையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மாமா விடவில்லை. “போனுலயே லோனு தாராங்கத்தா. பேங்க் இல்ல, ஆளுக்கு ஆளு. யாரோ ஒருத்தன் காசை நமக்குத் தருவான், நாம அவனுக்கு வட்டியோட கட்டணும், நடுவுல கம்பெனி” என்று ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தார். அது என் போனில் உள்ள எல்லா நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்டது. கட்டத் தவறினால் அந்த நம்பர்களுக்கெல்லாம் போட்டோவோடு சேதி போகும். மாமாவின் மில்லில் ஒருவருக்கு அப்படி நடந்திருந்தது. என்னிடம் பதினொரு நம்பர்தான் இருந்தன. அதில் ஒன்று உன் பேச்சு டீச்சர். நான் அழுத்தவில்லை. அந்த வருடத்தில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அழுத்தியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

பிறகு உன் வார்த்தைகள் போயின. ஒரே நாளில் போகவில்லை. முதலில் ‘டிராக்டர்’ போனது. பிறகு ‘கண்மாய்’. நான் உன் முன்னால் உட்கார்ந்து வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லுவேன். நீயும் திறப்பாய். வருவது வேறு சத்தம். ஆறு வயதில் நீ வாயை மூடிக்கொண்டாய். நான் உன் தாடையைப் பிடித்து, சொல்லு சொல்லு என்று உலுக்கினேன். ஒருநாள் அப்பா என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். “விட்டுருத்தா. அது நம்ம மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்.” அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல நான் பெரிய ஆளில்லை. ஆனாலும் பெற்றவள்போல இருந்துவிட்டதால் சொல்கிறேன். உனக்கு ஒன்று தேவைப்பட்டால் கேள். தெரிந்தவரிடம் கேள், தெரியாதவரிடமும் கேள். உலகத்தில் பாதிப்பேர் இப்போது அப்படிக் கேட்டு வாங்கித்தான் எழுந்து நிற்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிக் கேள். காசு கொடுத்தவர் உன்னிடம் திருப்பிக் கேட்பது அது ஒன்றைத்தான். நான் அவர்களுக்குக் கிடா விருந்து கொடுக்கப் பார்த்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அந்த அக்காவின் முகவரி என்னிடம் இல்லை, பக்கமும் இல்லை. அதனால்தான் இதைத் திறந்து வைக்கிறேன். அக்கா, மழை பெய்யவில்லை. நான்தான் நனைத்தேன். அப்பாவுக்கும் இந்தக் கடிதத்தை இன்று வாசித்துக் காட்டப்போகிறேன். அவருக்குப் படிக்க வராது. என் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். ஒரு மாதத்தில் மெலிந்திருப்பாய், அழுவாய் என்று முறுக்கும் சீடையும் கட்டிக்கொண்டு வந்தேன். நீ அழவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேராக மரத்தடிக்கு ஓடினாய். அங்கே ஆறேழு பிள்ளைகள். எல்லோர் கையும் பறந்துகொண்டிருந்தது. உன் கையும். ஆறு வயதில் வாயை மூடிக்கொண்ட நீ, விடாமல் பேசிக்கொண்டிருந்தாய். நடுவில் என்னைக் காட்டி ஏதோ சொன்னாய். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தன. ஒருத்திமட்டும் சிரிக்காமல் பார்த்தாள்.

பக்கத்தில் வீரசோழன் ஊரிலிருந்து வந்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மகள் அங்கே ஐந்து வருடமாகப் படிக்கிறாள். அவருக்குக் கைப்பேச்சு தெரியும். “ஒன்னயப் பத்தித்தான் ஓடுதும்மா” என்றார். “நல்லாப் பேசுறா, வாயாடி. என்னன்னு சொல்லவா?”

“வேணாங்க்கா” என்றேன். “என்னன்னு கேக்குறதுக்கு எப்பிடிக் காட்டணும், அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் காட்டினார். நான் எழுந்தேன். அந்த முற்றம் நிறைய அப்பா அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க நடந்துவந்து, உன் முன்னால் நின்று, கையைத் தூக்கிக் கேட்டேன். நீ என் கையைப் பார்த்துச் சிரித்தாய். விரலைப் பிடித்துச் சரியாக வைத்துவிட்டாய். பிறகு, மற்ற பிள்ளைகளிடம் பேசியதைவிட ரொம்ப மெதுவாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன்.